ஒரே வேலைக்கு இரண்டு குளிசை: படுவான்கரையில் ஒரு தாழ்சீனி நிகழ்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். 2023 நவம்பரில் எங்கள் கிளினிக்கைச் சேர்ந்த ஒரு தாய் சீனி குறைந்து மயங்கி, இரவோடிரவாகக் கொண்டுவரப்பட்டார். அவர் விழுங்கிய சீனிக் குளிசைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் என் கையால் எண்ணிக் கொடுத்தவை. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இரவில் நடந்ததை மகள் சொன்னதையும் விடுதிக் குறிப்பையும் வைத்தே கோர்த்தேன், நான் அப்போது அங்கே இல்லை.

பின்னணி

அவருக்கு 68 வயது, 45 கிலோ எடை. சீனி வருத்தம் வந்து 14 வருடம், கூடவே பிறசர். கணவர் இல்லை. மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார், மகன் கட்டாரில். கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த மருந்துகள் இவை: மெட்போமின் 500 மி.கி. காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கிளிக்கிளசைட் 80 மி.கி. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொன்று. பிறசருக்கு லொசாட்டன், அட்டெனலோல். கொழுப்புக்கு ஒரு குளிசை.

சீனிக்கான இந்த இரண்டு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்போமின், ஈரல் தேவைக்கு மேல் சீனியை வெளிவிடுவதைக் குறைக்கிறது. அதைத் தனியே எடுத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூண்டும். கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட், டொல்பியுட்டமைட் எல்லாம் இதே குடும்பம்.

2022 இல் வந்த வெளிச்சிட்டை

2022 நாட்டில் மருந்துக்கே பஞ்சமான வருடம். அந்த நடுப்பகுதியில் எங்களிடம் கிளிக்கிளசைட் முடிந்தது. வெளியே வாங்கச் சொல்லிச் சிட்டை எழுதிக் கொடுத்தோம். மகள் தாயை நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினார். கிளிக்கிளசைட்டுக்குப் பதிலாக கிளிமெபிரைட் 2 மி.கி. காலையில் ஒன்று என்று அவர் தனித் தாளில் எழுதினார். அதில் பிழை எதுவும் இல்லை. இல்லாத மருந்துக்கு அதே குடும்பத்திலிருந்து வேறொன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சிக்கல் தாளில் இருந்தது. கிளினிக் கொப்பியில் கிளிக்கிளசைட் வெட்டப்படவில்லை. தனியார் சிட்டை கொப்பிக்குள் ஒட்டப்படவும் இல்லை, அது மகளின் கைப்பைக்குள் போனது.

2023 தொடக்கத்தில் எங்களிடம் கிளிக்கிளசைட் மீண்டும் வந்தது. கொப்பியைப் பார்த்தேன், 56 குளிசை எண்ணி உறையில் போட்டேன், காலை 1 இரவு 1 என்று எழுதி யன்னலால் நீட்டினேன். கிளினிக் நாளில் ஓர் ஆளோடு யன்னலில் நிற்க எனக்குக் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை. என் நியாயத்துக்காக இதைச் சொல்லவில்லை, நடந்த விதம் அது. “இடையில வெளியே என்ன வாங்கினீங்க?” என்று கேட்க ஐந்து நொடி போதும்.

கிளினிக்கில் கிடைத்ததும் வெளியே வாங்குவதை நிறுத்தியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. மகன் காசு அனுப்புகிறார். நகரத்துப் பாமசியில் பழைய சிட்டையைக் காட்டினால் கேள்வி இல்லாமல் கொடுக்கிறார்கள். பிறகு நான் காரணம் கேட்டபோது அவர் சொன்னது: “காசு குடுத்து வாங்கிற குளிசைதான் மனே நல்லாக் கேக்கும்.”

நல்ல இலக்கங்கள்

கொப்பியில் வெறும் வயிற்றுச் சீனி 2022 முழுக்க 148, 161, 156 என்று இருந்தது. 2023 இல் 92, பிறகு 81, பிறகு 76. மூன்றாவது இலக்கத்துக்குப் பக்கத்தில் “நல்ல கட்டுப்பாடு, அதே மருந்தைத் தொடரவும்” என்ற பொருளில் ஒரு வரி.

இந்த வரியைத்தான் நான் பலமுறை திரும்பிப் பார்த்தேன். 45 கிலோ எடையுள்ள, 68 வயதான, கணையத்தைத் தூண்டும் மருந்தில் இருக்கும் ஒருவருக்கு வெறும் வயிற்றில் 76 வருவது பாராட்டுக்குரிய இலக்கமல்ல. 70 இற்குக் கீழே போனாலே தாழ்சீனி என்கிறோம். பரிசோதனை செய்த காலை 76 என்றால், மாலை நான்கு மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்? 200 என்று வந்திருந்தால் ஏன் இந்த ஏற்றம் என்று எல்லோரும் கேட்டிருப்போம். இறக்கத்துக்கு எவரும் காரணம் கேட்கவில்லை.

வீட்டிலும் அடையாளங்கள் இருந்தன. பின்னேரங்களில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. இரவில் எழும்பி பிஸ்கட் தேடியிருக்கிறார். வயதுக் கோளாறு என்று விட்டிருக்கிறார்கள். கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. அட்டெனலோல் அந்த இரண்டையும் அமுக்கிவிடும், வியர்வையைத்தான் அதனால் மறைக்க முடியாது.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கடைசியாகப் பார்த்தது 2021 இல். அப்போது கிரியேட்டினின் 1.2. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும். அவருடைய வயதுக்குக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 50.

விரதத்தின் நான்காம் நாள்

கந்தசஷ்டி ஆறு நாளும் அவர் விரதம். பகல் முழுக்க ஒன்றும் இல்லை, இரவுப் பூசை முடிந்து பாலும் பழமும். முப்பது வருடப் பழக்கம். எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் நோயாளிகள் நோன்பு மாதம் நெருங்கும்போது குளிசையை எப்படிப் போடுவது என்று தாங்களாகவே வந்து கேட்கிறார்கள். எங்கள் விரதக்காரர் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. ஆறு நாள்தானே, பழம் சாப்பிடுகிறோம்தானே என்ற எண்ணம்.

இரண்டாம் நாள் கோயில் வீதியைச் சுற்றியதில் முழங்கால் வலி. கடையில் டைக்குளோபினக் வாங்கிப் போட்டார். வயிறு எரிந்தது, தண்ணீரும் குறைத்துக்கொண்டார். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் லொசாட்டனும் டைக்குளோபினக்கும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி விழும். கிளிமெபிரைட் உடைந்து உண்டாகும் பொருளும் ஓரளவு சீனியைக் குறைக்கும், அது வெளியேற வேண்டிய வழி சிறுநீரகம். வழி அடைபட்டால் மருந்தின் வேலை நீளும்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், எல்லாக் குளிசையையும் போட்டார். விரதமென்று ஒன்றைக்கூட விடவில்லை. “ஒரு நாளும் குளிசையை விடாதீங்க” என்று ஒவ்வொரு மாதமும் சொல்லி அனுப்பியது நாங்கள்தான்.

மாலை நான்கு மணியளவில் பேச்சுக் குழறியது. மகளைப் பிடித்துத் தள்ளினார், பேரனின் பெயரை மாற்றிச் சொன்னார். பார்வை பட்டுவிட்டது என்றார் ஒருவர், பாரிசவாதம் என்றார் இன்னொருவர். வாதம் என்று நினைத்ததில் தப்பில்லை, தாழ்சீனி அச்சொட்டாக வாதம் போலவே வரக்கூடும். பக்கத்து வீட்டு ஆசிரியை தன் கணவனுக்காக வைத்திருந்த சீனி பார்க்கிற மெசினோடு ஓடிவந்தார். 38.

விழுங்கும் நிலையில் இருந்ததால் சீனி கரைத்த தண்ணீர் பருக்கினார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்தார், திரும்பப் பார்த்தபோது 96. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. மூன்று தேக்கரண்டி சீனி, 15 நிமிடம், மறுபடி பார்ப்பது என்று நாங்கள் சொல்லிக் கொடுப்பதும் அதுதான்.

ஆனால் நாங்கள் சொல்லிக் கொடுக்காமல் விட்ட பகுதி அதற்குப் பிறகு இருக்கிறது. சீனித் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். உள்ளே போன குளிசை ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், சிறுநீரகம் பழுதென்றால் அதற்கும் மேல். இந்த வகைக் குளிசையால் சீனி இறங்கியவர் எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும். அவர் வரவில்லை. சோறு சாப்பிடச் சொன்னதற்கு விரதம் முறியும் என்று மறுத்தார். பூசை முடிந்து பாலும் ஒரு வாழைப்பழமும். அதோடு இரவுக் குளிசையும்.

இரவு

அதிகாலை இரண்டு மணி கழிய, குறட்டை போல ஒரு சத்தம் கேட்டு மகள் எழும்பினார். தட்டியும் எழுப்ப முடியவில்லை. பின்னேரம் பலித்த வைத்தியம் என்பதால் கரண்டியால் சீனித் தண்ணீரை வாயில் விட்டார், கடைவாயால் வழிந்தது, இருமல் வந்தது. அந்த இருமலில் பயந்து நிறுத்தியது அதிர்ஷ்டம். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் சுவாசப்பைக்குள் போகலாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்துவிட்டுக் கொண்டுவருவது மட்டும்தான் வீட்டில் செய்யக்கூடியது.

நவம்பர் மழை. வீட்டுக்கு வரும் கிரவல் பாதையின் மதகுக்கு மேலால் வெள்ளம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் உள்ளே வர முடியாது என்று தெரிந்ததால், பக்கத்து வீட்டாரின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே படங்கு பிடித்துக்கொண்டு நேரே எங்கள் வைத்தியசாலைக்கு வந்தார்கள். அந்த இரவுக்கு அது சரியான முடிவு.

வெளிநோயாளர் பிரிவில் பார்த்தபோது 24. ஐம்பது வீத டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக் கரைசல்) 50 மில்லிலீற்றர் நரம்பில் ஏற்றி, பத்து நிமிடத்துக்குள் கண் திறந்து, “எங்க கிடக்கன்?” என்று கேட்டாராம்.

விடுதியில்

காலை ஆறு மணிக்குள் உறவினர் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நன்றாகப் பேசுகிறார், தேநீர் கேட்கிறார், சூரன்போர் வருகிறது, வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். இரவுப் பணியில் இருந்த வைத்தியர் மறுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம் என்று சத்தம் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் முன்னால் விரலில் குத்தி மெசினைக் காட்டினார். டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே 52. பிறகு யாரும் பேசவில்லை.

சேலைனை நிறுத்தாமல், மணிக்கொரு தடவை சீனி பார்த்துக்கொண்டு, காலையிலேயே மட்டக்களப்பு நகரத்துக்கு மாற்றி அனுப்பினார்கள். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், எங்களிடம் அந்த வசதி இல்லை. அங்கே கிரியேட்டினின் 1.9, வடிகட்டும் திறன் 28. பகல் ஒரு மணிக்கு மறுபடி 61 இற்கு இறங்கியது. சேலைன் இல்லாமல் சீனி நிலையாக நிற்க 30 மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு விட்டிருந்தால் என்று நினைக்கவே வேண்டாம்.

பிஸ்கட் டின்

அவரை அனுப்பிய அன்று பகல் மகளிடம், “அம்மா போடுகிற எல்லாத்தையும் கொண்டு வாங்க, பழசு புதுசு பார்க்காதீங்க” என்று சொல்லியிருந்தேன். பின்னேரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார்.

மேசையில் கொட்டினேன். கிளினிக் உறைகள் பதினேழு, சில 2021 ஆம் ஆண்டவை. உறையில் என் கையெழுத்து: 2–0–2, 1–0–1 (காலை–பகல்–இரவு). அது சீனிக்கா பிறசருக்கா என்று ஒன்றிலும் இல்லை, மருந்தின் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில். சில உறைகளில் இரண்டு வகைக் குளிசை கலந்து கிடந்தது. டைக்குளோபினக் ஒரு பட்டியில் நான்கு குறைவு. பாகற்காய்ப் பொடி ஒரு சின்னப் போத்தலில்.

அடியில் பளபளவென்று ஒரு பட்டி, பச்சைக் குளிசை. வியாபாரப் பெயர் பெரிதாக. பட்டியைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரியும் எழுத்தில், கிளிமெபிரைட் 2 மி.கி.

“இது எதுக்கு எண்டு சொன்னவங்க?”

“அது சத்துக் குளிசை மாதிரி, நல்லது எண்டு அம்மா சொல்லுவா. கிளினிக் குளிசையோட சேத்துத்தான் போடுறவ.”

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கிளினிக்கில் வெள்ளைக் குளிசை, அதாவது கிளிக்கிளசைட், திரும்பக் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து என்றார். நகரத்து விடுதிக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். மருத்துவக் குறிப்பில் அதுவரை விரதமும் கிளிக்கிளசைட்டும் மட்டுமே காரணமாக இருந்தன.

எடுத்த முடிவுகள்

கிளிமெபிரைட் முற்றாக நிறுத்தப்பட்டது. கிளிக்கிளசைட்டும் அப்போதைக்கு நிறுத்தம். மெட்போமினும் நிறுத்தம். வடிகட்டும் திறன் 30 இற்குக் கீழே இருக்கும்போது அது உடம்பில் தேங்கி, அரிதாக என்றாலும் இரத்தத்தில் அமிலம் கூடச் செய்யலாம். டைக்குளோபினக் இனி வேண்டாம், வலிக்குப் பரசிற்றமோல். லொசாட்டனைச் சிறுநீரகம் தேறும்வரை நிறுத்தினார்கள்.

இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.4 இற்கு இறங்கியது, வடிகட்டும் திறன் 41. மெட்போமினை மறுபடி தொடங்கினோம். முன்பு நாளுக்கு 2000 மி.கி. எடுத்தவருக்கு இப்போது காலை 500, இரவு 500, அதுவும் சாப்பாட்டோடு. 45 இற்குக் கீழே வந்தவருக்கு நாளுக்கு 1000 இற்கு மேல் கொடுப்பதில்லை. வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அன்றைக்கு அதையும் லொசாட்டனையும் நிறுத்திவிட்டு எங்களிடம் வரச் சொன்னோம்.

வேறு மருந்துகளையும் வைத்தியர் யோசித்தார். சிற்றாகிளிப்டின் தனியே தாழ்சீனி தருவது அரிது, இவருடைய சிறுநீரகத்துக்கு 50 மி.கி. போதும், ஆனால் மாதாமாதம் வெளியே வாங்க வேண்டும். இவரை மறுபடி வெளிப் பாமசிக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தைக் காப்பது உண்மை. என்றாலும் மெலிந்த உடம்பு, பட்டினி விரதம், தண்ணீர் குடிக்காத பழக்கம் மூன்றும் உள்ளவருக்கு அது உடம்பில் கீற்றோன் அமிலத்தைக் கூட்டலாம், சீனி பெரிதாக ஏறாமலே அது நடக்கக்கூடும் என்பதால் விட்டோம். விரதத்தை விடாத ஆள் என்று தெரிந்த பிறகு அது சரியான தயக்கம் என்றே நான் நினைக்கிறேன். வேறு வைத்தியர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி விடுதியில் 5.9 வந்திருந்தது. அதை 7.5 இற்கும் 8 இற்கும் இடையில் வைத்திருப்பதே இனி இலக்கு என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினோம்.

பிறகு நடந்தது

ஒரு மாதத்தில் வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 250. குடும்பம் பயந்துவிட்டது. முன்பு 76 இருந்த ஆளுக்கு 250 ஆ என்று மகன் கட்டாரிலிருந்து அழைத்துக் கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்தத்தான் அதிக நேரம் போனது: சில மாதம் 200 இல் நின்றால் மெல்லத் திருத்தலாம், ஒரு இரவு 24 இல் நின்றால் திருத்த ஆளே இருக்காது.

வைத்தியர் கிளிக்கிளசைட்டை அரைக் குளிசையாக, 40 மி.கி., காலைச் சாப்பாட்டுக்கு முன் மட்டும் சேர்த்தார். இரவில் இல்லை. வீட்டுக்கு ஒரு விதி சொன்னோம்: காலையில் சோறோ பிட்டோ முன்னால் வராமல் அந்த அரைக் குளிசையைக் கையில் எடுக்கக் கூடாது. மூன்று மாதத்தின் பின் எச்பிஏ1சி 7.6. பின்னேர வியர்வை நின்றுவிட்டது. இரவில் பிஸ்கட் தேடுவதும் நின்றது.

எங்கள் பக்கத்தில் மாறியவை

யன்னலில் ஒரு கேள்வி கட்டாயமானது: “வேறு எங்கயாவது குளிசை வாங்கிறீங்களா?” உறையில் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதுகிறோம், பக்கத்தில் சீனி, பிறசர், கொழுப்பு என்று ஒரு சொல். கணையத்தைத் தூண்டும் குளிசை என்றால் சிவப்புப் பேனையால் “சாப்பாடு இல்லை – குளிசை இல்லை”. நேரம் எடுக்கிறது, வரிசை நீள்கிறது, முணுமுணுப்பும் வருகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். முதல் தடவையே இன்னும் இரண்டு பேர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சிட்டை எழுதினால் கொப்பியிலும் குறிக்கிறோம். மருந்து திரும்ப வந்ததும் முதலில் அந்தக் குறிப்பைத்தான் பார்க்கிறேன். 80 இற்குக் கீழே வெறும் வயிற்றுச் சீனி வந்த கொப்பியை வைத்தியரிடம் திருப்பி அனுப்புகிறேன். வருடத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் என்பது இன்னும் எல்லோருக்கும் நடக்கவில்லை. நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது, அதற்கு எங்களிடம் விடை இல்லை.

2024 கந்தசஷ்டிக்கு மூன்று வாரம் முன்னால் அவரே யன்னலுக்கு வந்தார். விரதம் பிடிக்கத்தான் போகிறேன், குளிசையை என்ன செய்ய என்று கேட்டார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. பகல் ஒரு நேரம் மரக்கறிச் சோறு சாப்பிடுவது, அந்த ஆறு நாளும் கிளிக்கிளசைட் இல்லை, மெட்போமின் சோற்றோடு ஒன்றும் இரவுப் பாலும் பழமும் எடுக்கையில் ஒன்றும், தண்ணீர் குறைக்காமல், பின்னேரம் நான்கு மணிக்கு மெசினில் பார்த்து 70 இற்குக் கீழே வந்தால் விரதத்தை அங்கேயே முறிப்பது என்று வைத்தியரோடு பேசி உடன்பட்டார். ஆறு நாளில் மிகக் குறைந்தது 118.

விரதம் முடிந்து வந்தபோது டின்னையும் கொண்டுவந்தார். உறைகள் ஐந்துதான். கீழே, செய்தித்தாளில் சுற்றி, அந்தப் பச்சைப் பட்டி. ஆறு குளிசை மிச்சம்.

“இது ஏன் அம்மா இன்னும் கிடக்கு?”

“போடல்ல மனே. காசு குடுத்து வாங்கினது, எறியவா?”

என்னிடம் தரச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பட்டியை யன்னலுக்குள் தள்ளிவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.